பழைய வானின் டீசல் செலவு: எது மிச்சம், எது மோசடி, எங்கே முறையிடுவது?

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் விடியுமுன்பே திறக்கும் மரக்கறிக் கடைகளை நடத்துவது பழைய வான்களும் பிக்கப்களும்தான். லேட்டனிலுள்ள நியூ ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் சந்தையிலிருந்து மரக்கறியும் பில்லிங்ஸ்கேற்றிலிருந்து மீனும் அவற்றில்தான் வருகின்றன. கட்டட வேலை, மின்வேலை, கேற்றரிங் என்று தனியாகத் தொழில் செய்யும் நம்மவர்களுக்கும் வாகனம்தான் கைமுதல். புதியது வாங்க எல்லோரிடமும் பணம் இல்லை. பத்து வருடம் ஓடியதையே இன்னும் சில வருடம் ஓட்டியாக வேண்டும். டீசல் செலவோ வாரம் தவறாமல் கையைக் கடிக்கிறது. இந்தக் கவலையை வைத்துத்தான் "மைலேஜைக் கூட்டித் தருகிறோம்" என்று ஒரு வியாபாரமும் நடக்கிறது. இதில் எது பலன் தரும், எது சட்டவிரோதம், ஏமாந்தால் என்ன செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நம் குடும்பங்களின் பணத்தைக் காக்கும்.

முதலில் யூலெஸ் கணக்கு

யூலெஸ் என்பது புகைத் தரம் இல்லாத வாகனங்களிடம் நாட்கட்டணம் வாங்கும் லண்டன் வலயம். 2021 அக்டோபர் 25இல் அதன் எல்லை நோர்த் சர்க்குலர் வீதிவரை விரிந்தபோதே ஈஸ்ட் ஹாம் அதற்குள் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் உள்ளே. 3.5 தொன் வரையுள்ள டீசல் வானும் பிக்கப்பும் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். பெற்றோல் என்றால் யூரோ 4 போதும். டீசல் வான்களில் 2016 செப்டெம்பருக்குப் பிறகு பதிவானவை பெரும்பாலும் யூரோ 6. தரம் இல்லாத வாகனத்தை எடுத்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பினால் இரண்டு நாள் கட்டணம். கிறிஸ்மஸ் தினம் மட்டும் விலக்கு.

எரிபொருள் மிச்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் ஐந்து நாளில் 300 மைல் ஓடும் பிக்கப், கலனுக்கு 30 மைல் கொடுக்கிறது என்று வைப்போம். வாரச் செலவு ஏறக்குறைய 45 லீற்றர். பெருமுயற்சி எடுத்து மைலேஜை 15 சதவீதம் கூட்டினால் மிச்சமாவது 6 லீற்றர். லீற்றர் ஒன்றரைப் பவுண் என்றால் 9 பவுண். யூலெஸ் கட்டணமோ அதே வாரத்தில் 62.50 பவுண். ஆகவே தரம் இல்லாத வாகனத்துக்கு மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லும் எதையும் வாங்குமுன், டிஎஃப்எல் என்னும் லண்டன் போக்குவரத்து அமைப்பின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய வாகனத்தைக் கைவிடுவோருக்குப் பணம் தந்த மேயரின் ஸ்கிராப்பேஜ் திட்டம் 2024 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதன் பெயரில் இப்போது யாராவது விண்ணப்பக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு கொப்பி போதும்

மிச்சம் பிடிக்க விரும்புபவர் முதலில் அளக்க வேண்டும். டாங்கியை முழுதாக நிரப்பி, ஓடிய மைலைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முழுதாக நிரப்பும்போது எத்தனை லீற்றர் போனது என்று எழுதுங்கள். மைலை லீற்றரால் வகுத்து 4.546ஆல் பெருக்கினால் கலனுக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். 290 மைலுக்கு 44 லீற்றர் என்றால் ஏறக்குறைய 30. ஒரே நிரப்பலை நம்பக் கூடாது; நாலைந்து நிரப்பலின் சராசரிதான் உண்மையைச் சொல்லும். குளிர்காலத்தில் எண்ணிக்கை இயல்பாகவே இறங்கும்.

இந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. விற்றவரோடோ கராஜ்காரரோடோ வழக்கு வந்தால், திகதி போட்டு எழுதிய கணக்கும் பெற்றோல் நிலைய ரசீதுகளும் உங்கள் சாட்சியங்கள்.

உண்மையில் மிச்சமாகும் இடங்கள்

*ரயர்.* எல்லா ரயர்களிலும் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பத்து குறைந்தால் 2 சதவீதம். சுமையோடும் சுமையில்லாமலும் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் எழுதியிருக்கும். ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பூ தேய்ந்து 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் ஒரு ரயருக்கு 2,500 பவுண் வரை தண்டமும் 3 புள்ளிகளும் வரலாம்.

*வேகம்.* 70 மைல் வேகத்தில் ஓடும் வாகனம் 60இல் ஓடுவதைவிட 9 சதவீதம் வரை கூடுதலாகக் குடிக்கும். இரட்டைச் சாலையில் பெரும்பாலான வான்களுக்குச் சட்ட எல்லையே 60தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

*சுமை.* 45 கிலோ கூடினால் மைலேஜ் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. இறக்க மறந்த அரிசி மூட்டைகள், பயன்படாத கருவிகள், வெறும் காஸ் சிலிண்டர் எல்லாம் டீசலில் பங்கு கேட்கின்றன. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் தண்டம் 100 பவுணில் தொடங்கி 300 வரை போகும். மிகை அதிகமென்றால் நீதிமன்றம்.

*காற்று.* கூரையில் பெரிய பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை தின்னக்கூடும். பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வைத்தால் மிச்சம் என்று சிலர் நம்புகிறார்கள். காற்றுச் சுரங்கச் சோதனைகள் அதற்கு எதிராகவே சொல்கின்றன: மூடிய கதவுக்கு உட்புறம் சுழலும் காற்று மேலே வரும் காற்றை வழுக்கிச் செல்ல விடுகிறது. தட்டையான மூடி போட்டால் இன்னும் நல்லது.

*பழைய வாகனத்துக்கே உரிய பழுதுகள்.* தேர்மோஸ்ரற் திறந்தபடி சிக்கினால் எஞ்சின் சூடேறாது, டீசல் வீணாகும். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடி நிறுத்திய பிறகு ஒரு சில்லு மட்டும் கொதிக்கும். அருகே கை கொண்டுபோனாலே தெரியும். சில்லுகளின் நேர்ப்பாடு, இன்ஜெக்ரர் கசிவு, தவறான எண்ணெய்த் தரம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாலு சில்லு இழுவையுள்ள பிக்கப்பை உலர்ந்த தார் வீதியில் இரண்டு சில்லு இழுவையிலேயே ஓட்டுங்கள். சரக்கு இறக்கும்போது எஞ்சினை ஓடவிடுவது நெடுஞ்சாலை விதிகளின் 123ஆம் விதிக்கு எதிரானது. அணைக்கச் சொல்லியும் மறுத்தால் தண்டம் எழுதக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

பணத்தை விழுங்கும் பொருட்கள்

கணினித் துவாரத்தில் செருகும் "எரிபொருள் சேமிப்பு" கருவி, டீசல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கியில் போடும் மாத்திரை என்று இணையத்தில் பல விற்பனைக்கு உள்ளன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படியான 100க்கு மேற்பட்ட பொருட்களைச் சோதித்தோ மதிப்பிட்டோ இருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டும் ஒன்றையும் அது காணவில்லை. காற்று வடிகட்டி விளம்பரங்களையும் அளவோடு நம்புங்கள். அடைபட்ட வடிகட்டியை மாற்றுவது எஞ்சினுக்கு நல்லதுதான். ஆனால் புதிய வகை பெற்றோல் எஞ்சின்களில் அதனால் மைலேஜ் கூடுவதில்லை என்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் காட்டியது.

சட்டம் தண்டிக்கும் குறுக்குவழிகள்

டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கு டிபிஎஃப் என்று பெயர். பார்க்கிங் ரோட் (Barking Road) போன்ற வீதியில் நின்று நின்று ஊரும் வாகனத்தில் அது சூடேறாது. பிடித்த கரியை எரிக்க ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைபடும், எஞ்சின் திணறும், எரிபொருளும் கூடுதலாகப் போகும். வாரத்தில் ஒரு தடவை ஏ13 போன்ற வீதியில் இருபது முப்பது நிமிடம் சீராக ஓட்டுவதும், உற்பத்தியாளர் சொன்ன எண்ணெயையே ஊற்றுவதும், முற்றாக அடைபட்டால் முறையாகக் கழுவிக்கொடுப்பவரிடம் கொடுப்பதும்தான் சரியான பரிகாரம்.

சிலர் "வெட்டி எடுத்துவிடலாம், மைலேஜும் கூடும்" என்பார்கள். அப்படி வெட்டிய வாகனத்தை வீதியில் ஓட்டுவது குற்றம். காருக்கு 1,000 பவுண் வரையும் வான், பிக்கப் போன்ற இலகு சரக்கு வாகனத்துக்கு 2,500 பவுண் வரையும் தண்டம். 2014 பெப்ரவரி முதல் எம்ஓடி சோதனையிலும் அது தோல்விதான். புகையைச் சுத்தமாக்க ஊற்றும் அட்புளூ திரவத்தின் அமைப்பை ஏமாற்றும் கருவிகளும் இதே வகை. வாகனப் புகையைப் பற்றிப் பேசும்போது ஓர் இறப்பும் நினைவுக்கு வருகிறது. 2013இல் லூஷம் பகுதியில் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்த சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ராவின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். சிறுமியின் குடும்பம் வாழ்ந்தது சவுத் சர்க்குலர் வீதிக்கு அருகில். நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடப்பதும் இத்தகைய வீதிகளின் ஓரமாகத்தான்.

எஞ்சின் கணினியை மாற்றி எழுதும் ரீமாப் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். மலிவாகக் கிடைக்கும் சிவப்பு டீசலை வீதி வாகனத்தில் ஊற்றுவதும் குற்றம். வரி, சுங்கத் துறை டாங்கியைச் சோதித்து வாகனத்தையே பறிமுதல் செய்யலாம். உணவகத்தில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் இக்கால டீசல் எஞ்சினின் இன்ஜெக்ரரை அடைத்துவிடும்.

உங்கள் உரிமை

சொந்தப் பாவனைக்கு வாகன வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. பொருள் திருப்தியான தரத்திலும் சொன்ன விவரப்படியும் இருக்க வேண்டும். பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அதன் பிறகு திருத்தித்தர ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஓட்டிய அளவுக்குக் கழிவு உண்டு. முதல் ஆறு மாதத்தில் தெரியும் பழுது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. இணையத்தில் வாங்கிய கருவியைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்.

கடைக்கோ தொழிலுக்கோ வாங்கினால் இந்தச் சட்டம் பொருந்தாது. இது நம்மவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம். அப்போது 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் பொருந்தும். பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒப்பந்த நிபந்தனைகளால் அது குறைக்கப்படலாம். கையெழுத்திடுமுன் வாசியுங்கள். தனியாரிடம் வாங்கினால் பாதுகாப்பு இன்னும் குறைவு. "யூலெஸ் பிரச்சினை இல்லை", "கலனுக்கு 45 மைல்" என்று விற்பவர் சொன்னால் அதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பொய்யென்று தெரிந்தால் அந்த எழுத்தே உங்கள் பிடி.

கராஜிலும் அப்படியே. வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். முதலில் எழுத்தில் விலை, பிறகு ரசீது, கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுதல் ஆகிய மூன்றையும் வழக்கமாக்குங்கள். தெரிந்தவர், ஊர்க்காரர் என்று ரசீதில்லாமல் காசாகக் கொடுப்பது பிரச்சினை வரும்போது நம்மையே வெறுங்கையோடு நிறுத்துகிறது.

முறையிடும் வழி

1. விற்றவருக்கோ கராஜுக்கோ என்ன பழுது, என்ன வேண்டும், எத்தனை நாளில் என்று எழுதுங்கள். கொப்பிக் கணக்கையும் படங்களையும் இணையுங்கள்.

2. கடனட்டையில் செலுத்தியிருந்தால், விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையானால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பு. டெபிற் அட்டை என்றால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள்.

3. சிற்றிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. அழைப்பு இலவசம், வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் ட்ரேடிங் ஸ்ராண்டர்ட்ஸுக்கும் அவர்களே தகவல் அனுப்புவார்கள். அந்த வியாபாரி வாகனத் துறைப் பிணக்குகளைத் தீர்க்கும் மோட்டார் ஒம்புட்ஸ்மனில் உறுப்பினர் என்றால் அங்கும் இலவசமாக முறையிடலாம்.

4. கடைசி வழி சிறு வழக்கு நீதிமன்றம். 10,000 பவுண் வரையான தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே இணையத்தில் பதியலாம். 2024 மே முதல் இத்தகைய பண வழக்குகள் முதலில் இலவசச் சமரசப் பேச்சுக்குப் போகின்றன.

5. யூலெஸ் தண்டக் கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். ஓடிய நாளிலிருந்து மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் 180 பவுண் தண்டம். 14 நாளுக்குள் கட்டினால் 90. உங்கள் எண்ணைப் போலியாகப் பூட்டி வேறொருவர் ஓடியிருந்தாலோ, வாகனத்தை விற்றிருந்தாலோ 28 நாளுக்குள் டிஎஃப்எல்லுக்கு எழுதுங்கள். மறுத்தால் லண்டன் ட்ரிபியூனல்ஸில் இலவசமாக மேன்முறையீடு செய்யலாம். எதுவும் செய்யாவிட்டால் 270 பவுணாகும். அதன் பிறகு வீட்டுக்கு அமலாக்க அதிகாரிகள் வரும் நிலையும் வரலாம்.

ஆங்கிலக் கடிதம் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் நம் தெருக்களில் பலர் உண்டு. அவர்கள் வானின் யூலெஸ் நிலையைப் பார்த்துக் கொடுப்பதும், வந்த தண்டக் கடிதத்தை அன்றே வாசித்துச் சொல்வதும், முறைப்பாட்டை எழுதிக் கொடுப்பதும் படித்த இளையவர்களுக்கு அரை மணி வேலை. பெரியவர்களுக்கோ அது ஒரு வாரச் சம்பாத்தியத்தைக் காப்பாற்றித் தரும்.