வாடைக்காற்றில் கதிரியக்கம் வருமா?

அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பதில் வேண்டும் என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலிருந்து 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடப்படும் நீர், மழையாகி நம் மொட்டைமாடியில் இறங்குமா?

இறங்காது. சுத்திகரித்த பின் அந்த நீரில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே வரும்வரை கடல்நீர் கலந்த பிறகே விடுகிறார்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவே 10,000. சீசியம் போன்றவை ஆவியாகாமல் கடலிலேயே தங்கிவிடும். கடலில் விட்ட இந்த நீரையும் 2011 மார்ச் உலை விபத்தில் காற்றில் கலந்ததையும் பலர் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

அப்போது வெளியேறிய சீசியத்தின் பெரும்பகுதி சல்பேட் நுண்துகளில் ஒட்டிக்கொண்டது. அந்தத் துகள் தன் எடையால் கீழே வர முடியாத அளவுக்குச் சிறியது. அதனால்தான் ஒரு வாரத்தில் பசிபிக்கைக் கடந்தது, இரண்டு வாரங்களில் வட அரைக்கோளத்தையே சுற்றிவந்தது. போகப் போக நீர்த்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் வழியில் மழை குறுக்கிட்டால் கதை மாறும். மேகத்துளி துகளைச் சுற்றியே உருவாகிறது. விழும் துளி வழியில் இருப்பதையும் வாரிக்கொண்டு வருகிறது. வானில் பரவிக் கிடந்தது ஓரிரு மணி நேரத்தில் ஓர் ஊரின் மண்ணில் சேர்ந்துவிடும். பக்கத்து ஊரில் மழை இல்லையென்றால் அது தப்பித்துவிடும்.

இட்டாத்தே கிராமம் ஃபுகுஷிமா உலையிலிருந்து சுமார் 40 கி.மீ. அரசு வரைந்த 20 கி.மீ. வெளியேற்ற வட்டத்துக்கு வெளியே இருந்தது. மார்ச் 15 மாலை மழையும் பனியும் பெய்தன. வெளியேறும் உத்தரவு ஏப்ரல் 22-இல்தான் வந்தது. காற்று எந்தப் பக்கம் போகும் என்ற கணினிக் கணிப்பு அரசின் கையில் இருந்தும், மார்ச் 23 வரை மக்களுக்குக் காட்டவில்லை. செர்னோபில் அணு உலை 1986-இல் வெடித்தது. 2,000 கி.மீ.க்கு அப்பால், மழை பெய்த வேல்ஸ் மலைகளில் ஆட்டுக்கறி மீதான கட்டுப்பாடு 2012-இல்தான் நீங்கியது.

ஆகவே, 'சராசரி அளவு வரம்புக்குள் உள்ளது' என்று அறிக்கை வந்தால், நனைந்த ஊரையும் நனையாத ஊரையும் கூட்டி வகுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள்.

நமக்கு ஃபுகுஷிமாவைவிடக் கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கம். பூந்தமல்லிக்கு நேர்க்கோட்டில் சுமார் 55 கி.மீ., ஆவடிக்கு 60. அவசரகாலத் திட்ட வட்டமோ 16 கி.மீ. மழைக்காலத்து வாடை அங்கிருப்பதைத் தெற்கே தள்ளும். நம் பக்கம் திருப்பக்கூடியது கோடையின் தென்றலும் கடற்காற்றும். அப்போது மழை அபூர்வம் என்பது ஆறுதல். இடியுடன் கூடிய கோடைமழை பெய்தால் அந்த ஆறுதலும் இல்லை.

இங்கே கதிரியக்கத்தை யார் அளக்கிறார்கள்? பாபா அணு ஆராய்ச்சி மையம். அது அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது, உலையை நடத்தும் கழகமும் அதே துறையின் கீழ்தான். சர்வதேசக் கண்காணிப்பு நிலையம் இங்கே கிடையாது. ஏனென்றால், அத்தகைய நிலையங்களை அமைக்கும் அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை.

மழைநீர் சேமிக்கலாமா? தாராளமாக.

முகக்கவசம்? துகளுக்கு ஓரளவு உதவும், வாயுவுக்கு உதவாது.

அயோடின் மாத்திரை? தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும். அதிகாரிகள் சொல்லாமல் விழுங்க வேண்டாம்.

கல்பாக்கத்தில் விபத்து என்றால் யார் பொறுப்பு? வட்டத்துக்குள் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர். ஆவடியும் பூந்தமல்லியும் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில்.