குதிரை கற்கும் வரிசை

காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாக இருந்த இனம் குதிரை. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறமும் நெற்றிக்கு முன்னால் சிறிது இடமும்தான் அதற்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும். வேட்டை விலங்கு பாய்ந்து பிடிக்கும் அதே முதுகில் மனிதன் ஏறி உட்காருவதை அது பொறுத்துக்கொள்வதே பெரிய காரியம். எனவே பயிற்சி அச்சத்தைக் கூட்டாமல் நடக்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் சவாரி பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோனும் இதையே வலியுறுத்தினார்.

சவாரி செய்பவரின் கால் விலாவை இலேசாக அழுத்துகிறது. குதிரை முன்னே நகர்ந்ததும் அழுத்தம் விலகுகிறது. விலகிய அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததே சரி என்று குதிரை எடுத்துக்கொள்கிறது. நகர்ந்த பிறகும் கால் அழுத்திக்கொண்டே இருந்தால் நாளடைவில் அது காலைப் பொருட்படுத்தாது. தலையை உதறும்போது கடிவாள வாரைத் தளர்த்தினால் உதறுவதைத்தான் கற்றுக்கொள்ளும். குதிரையின் முரட்டுத்தனம் என்று லாயங்களில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படி யாரோ தெரியாமல் கற்றுக்கொடுத்ததே.

அதனால் ஏறுபவர் முதலில் தன் உடலைப் பழக்க வேண்டும். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளி 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. லிப்பிசானர் இனத்து வெள்ளை ஆண் குதிரைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே புதிதாகச் சேர்பவர், நீண்ட கயிற்றில் வட்டமிடும் அனுபவமுள்ள குதிரையின் மீது, அங்கவடியும் கடிவாளமும் இல்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகுகிறார். சமநிலை வராதவர் விழாமலிருக்க வாரைப் பிடித்துத் தொங்குவார். அந்தப் பாரம் குதிரையின் வாயில்தான் இறங்கும். கற்ற குதிரைக்குக் கல்லாத ஆள், கல்லாத குதிரைக்குக் கற்ற ஆள் என்பது பழைய விதி. புதியவரும் இளங்குதிரையும் சேர்ந்தே கற்கட்டும் என்று குட்டி வாங்கிக் கொடுப்பது இருவருக்கும் ஆபத்து.

குதிரையின் பாடத்துக்கு இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் வரிசை, ஜெர்மானியக் குதிரைப்படையின் சவாரிக் கையேட்டு மரபில் உருவானது. தாளம், தளர்வு, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேர்நிலை, திரட்டல் என்று ஆறு படிகள். நடையில் ஒரு சுற்றுக்குக் குளம்போசை நான்கு, வேகம் கூடிய டிராட்டில் இரண்டு, அதைவிட வேகமான கேன்டரில் மூன்று. அந்த எண்ணிக்கை வளைவிலும் திருப்பத்திலும் மாறாமலிருப்பது தாளம். தளர்ந்த குதிரை கழுத்தை முன்னும் கீழும் நீட்டும், மூக்கால் மெல்லச் சீறும், வால் அடிக்கு அடி ஆடும்.

மூன்றாவது படியில்தான் பலர் குறுக்குவழி தேடுகிறார்கள். குதிரை தானாக முன்னே நீண்டு வாரைத் தேடி வருவதே தொடர்பு. பொறுமையில்லாதவர் வாரை இழுத்துக் கழுத்தை வளைக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதுகு இறுகிவிடும், பின்னங்கால்கள் வேலை செய்யாமல் இழுபடும்.

தளர்ந்த முதுகின் வழியே பின்னங்கால்களின் வலு முன்னே பாய்வது உந்துவிசை. நேர்நிலைக்கு உழைப்பு அதிகம். மனிதரைப் போலவே குதிரைக்கும் ஒரு பக்கம் சுலபம், மறுபக்கம் கடினம். இதைச் சரிசெய்ய, முன்பாதியைச் சுவரிலிருந்து சற்றே உள்ளே திருப்பி நடத்தும் பயிற்சி உண்டு. பிரெஞ்சு ஆசான் ஃபிரான்சுவா டி லா கெரினியேர் 18ஆம் நூற்றாண்டிலேயே அதை விரித்து எழுதினார். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களில் இருக்கிறது. ஆள் ஏறினால் அந்தப் பாரம் இன்னும் கூடும். பின்னங்கால்களை மடக்கி வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து பாரத்தை அவற்றுக்கு மாற்றுவது கடைசிப் படியான திரட்டல். ஏறக்குறைய நின்ற இடத்திலேயே டிராட் போடும் பியாஃப் அதன் உச்சம்.

இவ்வளவுக்கும் ஆண்டுகள் பிடிப்பது உடலமைப்பால். முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையாக முடிய ஐந்தரை, ஆறு வயதாகும். தசைநாண்களும் எலும்புகளும் தசைகளைவிட மெதுவாகவே உறுதிப்படும். தசை பெருத்ததைப் பார்த்துப் பாடத்தைக் கூட்டினால் நொண்டல்தான் மிஞ்சும். லிப்பிசானர்களுக்கு நான்கு வயதில் பயிற்சி தொடங்குகிறது. முழுத் தேர்ச்சிக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

இந்த முன்னேற்றத்தை அளக்கும் போட்டி டிரெஸ்ஸாஜ். 20-க்கு 60 மீட்டர் களத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி இதில் தங்கம் வென்றது. 1982-க்குப் பிறகு ஆசிய விளையாட்டின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. தனிநபர் பிரிவில் வெண்கலம் பெற்ற அனுஷ் அகர்வாலா 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வேறொரு குதிரையுடன் களமிறங்கினார். ஹாங்சோ போட்டியின் நிலைகளில் பியாஃப் கிடையாது; ஒலிம்பிக்கின் கிராண்ட் பிரீ நிலையில் உண்டு. இரண்டுக்கும் இடையே ஒரு குதிரைக்குப் பல ஆண்டு வேலை இருக்கிறது.

மேல்படியில் தடுமாறும் குதிரைக்கு முதலில் வலி எதுவும் இல்லையா என்று பார்க்க வேண்டும்: பல், லாடம், முதுகில் சேணம் பொருந்தும் விதம். இவற்றில் குறையில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கீழ்ப்படியில் இருக்கும். கேன்டரில் ஓடியபடியே முன்செல்லும் காலை மாற்றச் சொன்னால் பதறி வேகமெடுக்கும் குதிரைக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்வித்தால் பதற்றம்தான் கூடும். சில வாரம் கேன்டரிலிருந்து நடைக்கும் நடையிலிருந்து கேன்டருக்கும் நிதானமாக மாறப் பழக்கிய பிறகே கால் மாற்றத்துக்குத் திரும்ப வேண்டும்.