முகம் அறியும் யந்திரம்

கூட்டத்தினிடையே நடந்துசெல்லும் ஒருவரைக் காமிரா படம்பிடிக்கிறது. யந்திரம் அம்முகத்தின் அமைப்பை எண்களின் வரிசையாக மாற்றி, முன்பே சேகரித்து வைத்துள்ள படங்களோடு ஒப்பிடுகிறது. "இவர்தாம் அவர்" என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. இரு முகங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் தருகிறது, அவ்வளவே. எந்த மதிப்பெண்ணைத் தாண்டினால் அதைப் 'பொருத்தம்' என ஏற்பது என்பதை விதிப்பவர் மனிதரே.

பொருத்தம் என்றதும் நம்மவர்க்குத் திருமணப் பேச்சு நினைவுக்கு வரும். பத்தில் ஏழு பொருந்துகிறதென்று சோதிடர் சொன்னாலும், பெண்ணைப் பெற்றவர் இன்னும் நாலு இடங்களில் விசாரித்த பிறகே சம்மதிப்பார். காவல் நிலையத்தில் அந்த விசாரணை சில சமயம் நடப்பதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

அமெரிக்காவில் 2020 ஜனவரியில் கறுப்பினத்தவர் ஒருவர், டெட்ராயிட் நகரக் கடையொன்றில் கைக்கடிகாரங்களைத் திருடியதாக, தம் மனைவி மக்களின் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார். வழக்கின் தொடக்கம் யந்திரம் காட்டிய ஒரு பொருத்தமே. ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் இருந்தார். திருடியவர் அவரல்லர்.

இத்தகைய பிழை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2019-இல் 189 கணிப்பு முறைகளைச் சோதித்தது. அவற்றுள் பலவற்றில், வெள்ளையர் முகங்களைக் காட்டிலும் ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் முகங்களில் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்குவரை மிகுந்திருந்தது. ஆனால் சீனாவில் உருவாக்கப்பட்ட சில முறைகள் கிழக்காசிய முகங்களில் குறைவாகவே பிழை செய்தன. ஆகவே குறை முகத்தில் இல்லை. யந்திரத்துக்குப் பாடமாக அளித்த படங்களில் இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

டெட்ராயிட் வழக்கு 2024-இல் உடன்பாட்டில் முடிந்தது. யந்திரப் பொருத்தத்தை மட்டும் கொண்டு இனி எவரையும் கைது செய்வதில்லை என்று அந்நகரக் காவல்துறை ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில், 80 சதவீதத்திற்கு மேற்பட்ட ஒப்புமையைப் பொருத்தமாகக் கொள்வதாக டில்லி காவல்துறை 2022-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விடையளித்தது. நூற்றுக்கு எண்பது முறை யந்திரம் சரியாக இருக்கும் என்று இதற்குப் பொருளன்று. நேயர்கள் இதை மனத்தில் இருத்தவேண்டும். அதற்குக் குறைந்த ஒப்புமையும் தள்ளப்படுவதில்லை. வேறு சான்று தேடப்படும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ இந்த எல்லை எண்ணைப் பற்றி ஏதும் கூறவில்லை. மாறாக, அரசு அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. அந்த 80-ஐ யார் விதித்தார், எத்தகைய முகங்களைக் கொண்டு சோதித்தார் என்று கைதானவர் கேட்டால், விடையளிக்கும் கடமையை அச்சட்டம் எவர்மீதும் சுமத்தவில்லை.