மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை: பழைய காயத்தையும் சொல்லுங்கள்

கல்முனையில் முழங்கால் மாற்றுவதற்குத் திகதி கிடைத்தவர்கள், "புது மூட்டு எத்தனை வருசம் தாங்கும்?" என்றுதான் என்னிடம் கேட்பார்கள். சத்திரசிகிச்சைக்கூடத்தில் தாதியாக வேலை செய்த நான் முதலில் சொல்வது தொற்றைப் பற்றி.

செயற்கை மூட்டுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அதில் ஒட்டும் பக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குள் மருந்து எளிதில் எட்டாது. பல வேளைகளில் மூட்டையே கழற்ற நேரிடும்.

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியான இங்கிலாந்து வைத்தியர் ஜோன் சார்ன்லி, 1960களில் கூடத்துக் காற்றைச் சந்தேகித்தார். நம் தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களோடு பக்டீரியாவும் காயத்தில் விழும். எனவே வடிகட்டிய காற்று வீசும் அடைப்பொன்றை அமைத்தார். 8,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 1982இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், சாதாரணக் கூடங்களில் 1.5 வீதமாக இருந்த ஆழமான தொற்று, மிகத் தூய காற்றில் 0.6 வீதமாக இருந்தது. பிந்திய ஆய்வுகள் இந்த நன்மையை உறுதிப்படுத்தவில்லை. தொற்றைக் குறைப்பதற்கென்று அத்தகைய காற்றமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஆகவே விலையுயர்ந்த இயந்திரம் இல்லாத கூடத்திலும் செய்யக்கூடியவை நிறைய உண்டு. கீறுவதற்கு முந்திய 120 நிமிடங்களுக்குள் அன்டிபயோட்டிக் ஊசி போட வேண்டும். மதுசாரம் கலந்த குளோரெக்சிடினால் தோலைத் துடைக்க வேண்டும். முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. கதவு அடிக்கடி திறக்கக் கூடாது. உள்ளே நிற்பவர்களும் குறைவாக இருக்க வேண்டும்.

மீதி நோயாளியின் கையில். சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்துங்கள். சொத்தைப் பல், காலில் புண் இருந்தால் முன்பே காட்டுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள்.

எங்கள் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. ஷெல் துண்டோ சன்னமோ பட்ட கால், பழைய தகடு, ஆணி. அந்த இடத்தில் அன்று ஏற்பட்ட தொற்று, பல வருடங்கள் எலும்புக்குள் அடங்கிக் கிடக்கலாம். புது மூட்டு வைத்ததும் கிளம்பலாம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் இரத்தத்தையும் மூட்டு நீரையும் பரிசோதித்து முடிவெடுப்பார்.

விசாரணைக்குப் பயந்து பழைய காயத்தை மறைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். எப்படிப் பட்டது என்று சொல்ல விருப்பமில்லையா? எங்கே பட்டது, சீழ் வைத்ததா, உள்ளே ஏதும் இருக்கிறதா என்பதையாவது சொல்லுங்கள். வைத்தியருக்குத் தேவையானது அதுதான்.