குறத்தியின் நடையும் ராதாரிச் சீட்டும்

மந்திர ஆற்றல் உடையார் எனக் கருதப்பெறுவோரை அரசு அஞ்சி மதிலுக்குள் இருத்துவதும், அவர் எப்போது வெளியேறலாம் என்பதைத் தானே வரையறுப்பதும் மேனாட்டுப் புனைகதைகளிற் பயின்றுவரும் பொருளாகும். அங்ஙனம் அடைபட்டோர்க்கு வெளியே செல்லும் உரிமை எத்துணை உண்டு என்ற வினா அக்கதைகளைப் படிப்போர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. அவ்வினாவிற்கு விடை காணக் கற்பனை உலகிற்குச் செல்ல வேண்டுவதில்லை. வருவதுரைத்தலைக் குலத்தொழிலுள் ஒன்றாகக் கொண்ட ஒரு குடியினர் நம் நாட்டிலேயே, நம் பாட்டனார் காலத்திலேயே, சட்டத்தால் அவ்வாறு கட்டுண்டு கிடந்தனர். அவர் குறவர் ஆவர். ஆயினும் அரசு அஞ்சியது அவர்தம் குறியை அன்று, அவர்தம் நடையையே. இவ்வுண்மையை இலக்கியத்தையும் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

குறி சொல்லும் மரபு

தமிழில் குறி கூறும் மகளிரைப் பற்றிய செய்தி மிகப் பழைமையானது. சிறுகோல் ஏந்தி மலையைப் பாடும் அகவன் மகளைக் குறுந்தொகையிற் காண்கிறோம். கழங்கிட்டுப் பார்க்கும் கட்டுவிச்சி அகப்பாடல் மரபில் நிலைபெற்ற ஒருத்தி. பிற்காலத்தே இம்மரபு குறவஞ்சி என்னும் நாடக வகையாக வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி அவ்வகையுள் தலைசிறந்து விளங்குகிறது.

குறவஞ்சியின் அமைப்பு முறையை உற்று நோக்குதல் வேண்டும். குறத்தி வந்தவுடன் தலைவியின் கையைப் பற்றிக் குறி கூறிவிடுவதில்லை. முதற்கண் தன் மலைவளம் உரைக்கிறாள். நாட்டுவளமும் தலவளமும் கூறுகிறாள். எவ்வெந்நாடுகளிற் குறி சொல்லி எவ்வெப்பரிசில் பெற்றாள் என்பதை எடுத்துரைக்கிறாள். அதன் பின்னரே கைக்குறி பார்க்கிறாள். இவ்வரிசை வாளா அமைந்ததன்று. பல நாடு நடந்தவள் ஆதலின் பலர் வாழ்வும் தாழ்வும் கண்டவள். ஆதலின் அவள் சொல் தேறத்தக்கது என்பது நாடகம் கொண்டுள்ள கருத்து. அவள் நடந்த வழியே அவள் கல்விக்குச் சான்று.

இறுதியிற் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருகிறான். தன்னிடம் உரையாது சென்றவளை நோக்கி, எங்குச் சென்றாய், இவ்வணிகளை யார் தந்தனர் என வினவுகிறான். அவள் ஒவ்வொன்றிற்கும் ஓரூர் சுட்டி நகையோடு விடையிறுக்கிறாள். அவ்வினாக்கள் இருவர்தம் அன்பிற் பிறந்தவை. அதே வினாக்கள் பின்னாளில் காவல் நிலையத்தில் எழுந்தபோது அவற்றின் பொருள் முற்றிலும் வேறாயிற்று.

வடவெல்லையிற் குறவர்

இம்மரபைக் காண்டற்குத் திருவள்ளூர் மாவட்டம் ஏற்ற களமாகும். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணிகை, இன்று இம்மாவட்டத்தில் அடங்கியது. முருகன் வள்ளியை மணந்து வீற்றிருக்கும் தலம் என அது போற்றப்பெறுகிறது. வள்ளி குறமகள், குறவஞ்சிக் குறத்தியர் அவளைத் தம் குலத்தவள் எனப் பெருமையுடன் கூறிக்கொள்வர்.

மாவட்டத்தின் வடகோடியில், இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ள கும்மிடிப்பூண்டிப் பகுதி, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைநிலம். எல்லைக்கு அப்பால் இக்குடியினர் எருக்கலர் எனப்படுவர். தெலுங்கில் எருக என்பதற்கு அறிவு என்பதும் குறி என்பதும் பொருள். அச்சொல்லினின்றே இப்பெயர் பிறந்தது என்பர். தமிழில் வாழும் நிலத்தாற் பெயர் பெற்றோர், தெலுங்கில் உரைக்கும் குறியாற் பெயர் பெற்றனர் என்பது கருதத்தக்கது.

குறி கூறுதல் மட்டுமே இவர்தம் பிழைப்பன்று. கூடை முடைதலும் வாணிகமும் இவர்க்குரியன. உப்புக் குறவர் எனப்பட்டோர் கடற்கரை உப்பைக் கழுதை மீதும் எருது மீதும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்று, தவசம் மாற்றி மீண்டனர். சங்கப் பாடல்களில் வரும் உமணர் வாழ்க்கையை இது நினைவூட்டும். 1805-இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1856-இல் இராயபுரத்தினின்று வாலாசா சாலை வரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அது திருவள்ளூர் வழியே சென்றது. பொதிவிலங்கு செய்த வேலையைப் புகைவண்டி மேற்கொண்டது. வாணிகம் இழந்தும் நடையை விடாதோர், காரணமின்றித் திரிவோராக அரசின் கண்ணுக்குத் தோன்றினர்.

சட்டம் வகுத்த படிகள்

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்கென முதலில் இயற்றப்பெற்றது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1924-இல் மீண்டும் தொகுத்து இயற்றப்பெற்றது. குறவர் உள்ளிட்ட பல குடியினர் இதன்கீழ் அறிவிக்கப்பெற்றனர். அறிவிப்பு முறையானதா என வினவும் அதிகாரம் எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை.

அறிவிக்கப்பெற்றோர்க்கு எஞ்சிய உரிமையை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம். முதற்படியில் உள்ளோர் பெயரைப் பதிந்து கைரேகை தருதல் வேண்டும். குறித்த காலங்களில் நேரில் தோன்றுதலும், உறைவிடத்தையும் அதனை நீங்குதலையும் முன்னரே அறிவித்தலும் கடமை. இரண்டாம் படியில் உள்ளோர் ஒரு குறித்த எல்லைக்குள்ளேயே உறைதல் வேண்டும். மூன்றாம் படி குடியேற்றம். குடும்பத்தோடு ஓரிடத்தில் இருத்தப்பெற்று, அங்குத் தரும் வேலையைச் செய்து வாழ்தல் அது. 6 வயதிற்கு மேற்பட்ட சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளியில் வைக்கவும் சட்டம் இடந்தந்தது.

கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்லும் நெல்லூர்ச் சாலையில் உள்ள காவலி என்னும் ஊரில் அமெரிக்கக் கிறித்தவச் சபையார் அத்தகைய குடியேற்றம் ஒன்றை நடத்தினர். குண்டூர்ப் பகுதியில் இரட்சணிய சேனையார் ஸ்டூவர்ட்டுபுரத்தை நடத்தினர். தென்னார்க்காட்டில் அசீசு நகர் இருந்தது.

இவ்விடங்களினின்று வெளியேறுதல் முற்றிலும் தடுக்கப்பெறவில்லை என்பது உண்மையே. அனுமதிச் சீட்டு உண்டு. அதனை மக்கள் ராதாரிச் சீட்டு என்றனர். பாரசீகத்தில் ராஹ் என்பது வழி. வழிக்காவலரின் இசைவு என்னும் பொருளில் அச்சொல் இந்திய மொழிகளுக்கு வந்தது. செல்லும் ஊரும் மீளும் நாளும் அதில் வரையறுக்கப்படும். சீட்டின்றி எல்லைக்கு வெளியே காணப்பட்டவரைக் காவலர் மட்டுமன்றி ஊர்த்தலைவரும் ஊர்க்காவற்காரரும் ஆணையின்றியே பிடிக்கலாம். மதில் இல்லாமலேயே ஊர்தோறும் மதில் எழுந்தது.

மக்கள் இச்சட்டத்திற்கு இட்ட பெயர் கைரேகைச் சட்டம் என்பது. குறத்தி பிறர் கைரேகை நோக்கி அவர்க்கு வருவது கூறினாள். அரசு அவள் குடியினரின் கைரேகையை வாங்கி, அவர்க்கு வருவது இன்னதென முன்னரே எழுதி வைத்தது. அக்குறி பொய்த்தாலும் கூறியவரை வினவுவார் இல்லை.

உரிமையை அளத்தல்

இனி, சீட்டுப் பெற்று வெளியே செல்லலாம் ஆதலின் ஓரளவு உரிமை இருந்ததன்றோ எனின், அதனை ஆராய வேண்டும். உழவர் ஒருவர்க்குத் தம் நிலத்தருகே இருத்தல் இழப்பன்று. சந்தைக்குச் செல்ல ஒருநாட் சீட்டுக் கிடைப்பின் அவர் தொழில் நடைபெறும். குறி கூறுவாள் நிலை அத்தகையதன்று. எவ்வூரில் எவர் தன்னை அழைப்பார் என்பதை அவள் முன்னரே அறியாள். செல்லும் ஊரை முன்கூட்டி எழுதித் தருமாறு கேட்பது அவள் தொழிலையே விடுமாறு கேட்பதாகும். காவலர் சீட்டை ஏந்தி வாயிலில் நிற்பவளை நம்பிக் கை நீட்டுவார் யாவர்? குறவஞ்சியில் அவளுக்குச் சிறப்புத் தந்த வழிநடை, சட்டத்தில் அவள்மீது ஐயம் வளர்க்கும் சான்றாயிற்று. எனவே அளவால் உரிமை சிறிது எஞ்சியது போலத் தோன்றினும், பயனால் எஞ்சியது ஒன்றுமில்லை.

இக்கட்டை மக்கள் வாளா ஏற்றனர் அல்லர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் ரேகை வைக்க மறுத்து நின்றனர்; காவலர் சுட்டதில் 16-க்குக் குறையாத உயிர்கள் மாண்டன. தொடர்ந்த போராட்டங்களின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1947 சூன் 5-ஆம் நாளும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாளும் சட்டம் நீங்கிற்று. ஆயின் 1948-இலேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பிறப்பை நோக்காது தண்டனை பெற்றமையை நோக்குவது அது. எனினும் பழைய ஐயம் புதிய பெயரிற் புகுவதற்கு அது வாயிலாயிற்று. சீர்மரபினரைப் பிறப்பாற் குற்றவாளியராகக் கருதும் சிறை விதிகள் அரசியலமைப்பிற்கு முரணானவை என 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தமை, அவ்வையம் எத்துணை நெடுங்காலம் நின்றது என்பதைக் காட்டும்.

முன்பணம் என்னும் பூட்டு

சட்டம் நீங்கிய பின்னரும் வெளியேறும் உரிமை பற்றிய வினா இம்மாவட்டத்தை விட்டு நீங்கவில்லை. பச்சிலை மருத்துவத்திலும் பாம்பு பிடித்தலிலும் தேர்ந்த இருளர், திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணம் பெற்றுக் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பெற்ற நிகழ்ச்சிகள் பல. இங்குச் சீட்டில்லை, கடனே பூட்டு. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், இந்திய நாட்டில் தடையின்றி நடமாடும் உரிமையை இழத்தலையும் கொத்தடிமையின் இலக்கணமாகக் கூறியுள்ளது. அடிப்பதும் பூட்டுவதும் மட்டுமே அடிமைத்தனம் என்னாது, செல்ல இயலாமையே அடிமைத்தனம் எனச் சட்டம் உணர்ந்த இடம் இது.

இதுகாறும் கூறியவற்றால், அடைபட்டோர் உரிமையை எத்தனை நாள், எத்தனை கல் தொலைவு என அளத்தல் போதாது என்பதும், வெளியே சென்று அவர் தம் தொழிலைச் செய்ய இயலுமா என்பதே உற்ற அளவு என்பதும் பெறப்படும். கல்லூரிகளிற் குறவஞ்சி பாடமாகப் பயிலப்படுகிறது. குறத்தி தான் கண்ட மலைகளை அடுக்கிக் கூறும் பகுதியை நாம் அணிநலம் கருதிப் படித்து மகிழ்கிறோம். அப்பகுதியைப் பயிற்றும்போது, அம்மலைகளுள் ஒன்றிற்கேனும் அவள் பெயர்த்தி யாரிடமும் இசைவு பெறாது சென்றிருக்க இயலாத காலம் ஒன்று இருந்தது என்பதையும் மாணவர்க்கு உரைத்தல் நம் கடமையாகும்.