சதுரங்கப்பட்டினம்: ஒரு சிற்றூரின் பூகோளமும் சரித்திரமும்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வருவோர் பல்லாயிரவர். அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்று சதுரங்கப்பட்டினத்தைக் காண்போர் மிகச் சிலரே. அச்சிற்றூரின் வரலாறு தறியையும் மண்ணையும் நம்பி வாழும் நம்மவர்க்கு நெருங்கிய வரலாறாகும். ஆதலின் அதனை இவ்விதழில் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஊரின் அமைப்பு

சதுரங்கப்பட்டினம் செங்கற்பட்டு மாவட்டத்தில், திருக்கழுக்குன்றம் வட்டத்தில், கடலோரத்தில் அமைந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் வயலூருக்கு அருகே பாலாறு கடலோடு கலக்கின்றது. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு ஆந்திர நாட்டின் ஒரு மூலையைக் கடந்து, வேலூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகளின் வழியே இங்கு வந்து முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலாகவே தோன்றினும், அடியில் ஊற்றுநீரைத் தேக்கி வைத்திருப்பது அதன் இயல்பு.

இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. பண்டைக் காலத்துக் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கை ஏற்றியிறக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றும் புயலும் வந்துவிட்டால் அந்தப் போக்குவரத்தும் நின்றுவிடும்.

துறைமுகம் இல்லாத ஊருக்குக் கப்பல்கள் ஏன் வந்தன? அவற்றை ஈர்த்தது கடலன்று. கரைக்கு உள்ளே இருந்த தறிகளே.

பட்டினமான கதை

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இது வாணிபத்தலமாக விளங்கியது. 14-ஆம் நூற்றாண்டில் தொண்டைமண்டலத்தை ஆண்ட சம்புவராய மன்னர் இராசநாராயணரின் பெயரால் இதற்கு இராசநாராயணன் பட்டினம் என்ற பெயரும் வழங்கியது. பிற்காலத்தில் அயல்நாட்டார் நாவில் சதுரங்கப்பட்டினம் ‘சட்ராஸ்’ ஆகிவிட்டது.

ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் 1602-ல் தம் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினர். சிறிது காலத்திற்குள் பழவேற்காட்டில் காலூன்றி, 17-ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். அவர்கள் முதன்மையாக நாடியது கிழக்குத் தீவுகளின் கிராம்பு, சாதிக்காய், மிளகு ஆகிய சரக்குகளை. அத்தீவு மக்களோ அவற்றிற்கு ஈடாகச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியையே பெரிதும் விரும்பினர். எனவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள்களைப் பெற்று ஐரோப்பாவில் விற்பது கம்பெனியின் வழக்கமாயிற்று. சதுரங்கப்பட்டினத்தின் மெல்லிய துணிகள் பெயர் பெற்றவை.

இதில் குடியானவனுக்கும் பங்கு உண்டு. பருத்தி உள்நாட்டு நிலங்களிலிருந்து வந்தது. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேர் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்தது. விளைவித்தவன், நூற்றவள், நெய்தவன், சாயமிட்டவன், படகோட்டியவன் ஆகிய இத்தனை பேர் உழைப்பும் சேர்ந்தே ஒரு பொதி துணி கப்பலேறியது.

முன்பணம் என்னும் கயிறு

அக்காலத்துக் கொள்முதல் முறையை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனித்தல் நலம். கம்பெனி நெசவாளியிடம் நேரே சென்று துணி வாங்கவில்லை. பெருவணிகருக்கு முன்பணம் கொடுக்கும். அவர் தரகருக்குக் கொடுப்பார். தரகர் நெசவாளிக்குக் கொடுப்பார். அப்பணத்தைக் கொண்டே நெசவாளி நூல் வாங்குவான். குடும்பத்திற்கு அரிசியும் வாங்குவான். துணி முடிந்ததும் நீளம், அகலம், நெருக்கம் யாவும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். குறை கண்டால் விலை குறையும், அல்லது துணியே திரும்பி வரும். மழை பொய்த்து அரிசி விலை ஏறினால் முன்பணம் வயிற்றுக்கே போய்விடும், நூலுக்கு மிஞ்சாது.

ஆயினும் ஒரு காலத்தில் நெசவாளிக்குக் கைவலிமை இருந்தது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், 1639-க்குப் பின் சென்னையில் ஆங்கிலேயர், 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், 1620 முதல் தரங்கம்பாடியில் டேனியர் என இக்கரையில் வாங்குவோர் பலர் இருந்தனர். ஒருவர் விலை கட்டாவிடில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றொருவரிடம் போகலாம். குறைகளைப் பொறுக்க முடியாதபோது ஊரையே விட்டுப் பெயரலாம்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. 1763-ல் செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபு ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பால் இச்சீமை பாழ்பட்டது. 1781-ல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17-ல் இவ்வூருக்கு எதிரே கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் மோதினர். முடிவான வெற்றி எவர்க்கும் இல்லை. பின்பு ஊர் டச்சுக்காரரிடம் திரும்பியது. 1795-ல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1818-ல் மறுபடி திரும்பியது. 1824-ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையின்படி முடிவாக ஆங்கிலேயருக்கே உரியதாயிற்று.

கொடி மாறியது அரசர்களின் விஷயம். நெசவாளிக்கு அதனால் நேர்ந்தது, வாங்குவோர் பலர் என்ற நிலை போய், ஆள்பவனும் வாங்குபவனும் ஒருவனே என்ற நிலை வந்ததுதான். முன்பணம் வாங்கியவன் பிறருக்கு நெய்யக் கூடாது என்ற கட்டாயம் இறுகியது. 1813-க்குப் பின் இங்கிலாந்தின் ஆலைத் துணியும், பின்னர் ஆலை நூலும் தடையின்றி வந்து குவிந்தன. 1868-ல் ஜெர்மானிய வேதியியலார் செயற்கைச் செஞ்சாயத்தைக் கண்டுபிடித்தபின் சாயவேர் பயிரும் மதிப்பிழந்தது. தறியை நம்பியவனும் தரையை நம்பியவனும் ஒருசேர நலிந்தனர். பட்டினம் சிற்றூராயிற்று.

இன்றைய ஊர்

செங்கல்லால் கட்டிய டச்சுக் கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இடிந்த மதில்களுக்கு உள்ளே பண்டகசாலைகளும், வேலைப்பாடமைந்த கல்லறைக் கற்களும் காணத்தக்கவை. ஊரை அடுத்த கல்பாக்கத்தில் 1984-ல் அணுமின் நிலையத்தின் முதல் அலகு முறையாக இயங்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிப் பெருஞ்சேதம் விளைத்தது. மீன்பிடித்தலும் சவுக்குத் தோப்புகளும் இன்றும் இக்கரைக்கு உரியன.

நாம் அறிய வேண்டுவது

நெசவாளியின் கைத்திறன் குறைந்ததனால் சதுரங்கப்பட்டினம் வீழவில்லை. தரம் கெடாத துணியை நெய்தவர்களே தாழ்ந்தனர். நூல் வாங்கும் பணம் பிறருடையது. விலை கூறும் உரிமை பிறருடையது. விற்கும் வழியும் பிறர் கையில் இருந்தது. இம்மூன்றையும் உழைப்பவர் கைக்குக் கொண்டுவருவதே கூட்டுறவின் நோக்கம்.

இதில் நம் பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கடன் சங்கம் தோன்றியது. தரகனின் முன்பணத்திற்குப் பதில் உறுப்பினர்களின் சொந்த நிதி என்பதே அதன் பொருள். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் கடனோடு நில்லாமல், கொள்முதல், விற்பனை முதலிய பணிகளுக்கும் சங்கம் அமைக்க இடம் தந்தது. 1935-ல் கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்குத் தலைமைச் சங்கமாக, இன்று கோ-ஆப்டெக்ஸ் என நாம் அறியும் ஸ்தாபனம் ஏற்பட்டது.

எனினும் பெயர்ப்பலகை மட்டும் நம்மைக் காக்காது. ஒரே கொள்முதலை நம்பி, அது எப்போது வரும் என்று காத்திருக்கும் சங்கம், கப்பலை எதிர்நோக்கிக் கரையில் நின்ற பழைய பட்டினத்தின் நிலையிலேயே உள்ளது. நம் சங்கத்துத் துணியையும் விளைபொருளையும் வாங்குவோர் எத்தனை பேர், ஒருவர் விலகினால் அடுத்தவர் யார், நூலுக்கும் விதைக்கும் உரிய பணம் நம் நிதியில் உள்ளதா என்ற இக்கேள்விகளை அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்டல் வேண்டும்.

மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள் ஒரு நாழிகை ஒதுக்கிச் சதுரங்கப்பட்டினத்தையும் பார்த்து வருக. குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்க. கோட்டையைக் காட்டும்போது, அதன் பண்டகசாலைகளை நிரப்பிய கைகள் நம்மைப் போன்றோரின் கைகளே என்பதையும் அவர்களுக்குச் சொல்லுக.