பூட்டும் கணக்கும் – 9: சுண்டைக்காய் கால் பணம்

மேசைக்கு அடியில், கால் வைக்கும் இடத்தில், தூசி படிந்த ஒரு கணினி. அந்தத் தொழிற்சாலையின் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் அதில்தான் ஓடின. அதிலிருந்த விண்டோஸுக்கு அப்டேட் வருவது நின்று பல வருடம் ஆகியிருந்தது. அட்மின் பாஸ்வேர்ட் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நான் கொடுத்த ஆடிட் ரிப்போர்ட்டில் அதை முதல் குறையாக எழுதி, மாற்றச் சொல்லியிருந்தேன். புது சர்வர், புது சாஃப்ட்வேர், பழைய பதிவுகளை மாற்றித் தரும் கூலி எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும் என்று விலை வந்திருந்தது.

மேலாளர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "சார், இந்தப் பெட்டியை வித்தா அஞ்சாயிரம் தேறாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு எங்க அப்பா சொல்லுவார். நீங்க கேக்கிறது அதுதான்."

சென்ற வாரம் ஆடிட்டர் எப்படிக் குறைகளைக் கண்டுபிடிக்கிறார் என்று பார்த்தோம். கண்டுபிடித்த பிறகு எழும் கேள்வி இதுதான்: சரிசெய்வதற்கு ஆகும் செலவு, காப்பாற்றப்படும் பொருளுக்குத் தகுமா? மேலாளரின் கேள்வியில் எனக்கு வருத்தம் இல்லை. அறுபது குறைகளை எழுதி, அறுபதையும் உடனே சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும் ஆடிட்டரால் யாருக்கும் பயன் இல்லை. எங்கே பணத்தைப் போடுவது, எதை இப்போதைக்கு விடுவது என்று ஒருவர் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்குக்கு வயது அதிகம். 1979-ல் அமெரிக்க தேசியத் தர நிர்ணயக் கழகம் அரசு அலுவலகங்களின் கணினி மையங்களுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரம் எளிது. ஒருமுறை பொருள் போனால் எவ்வளவு இழப்பு, வருடத்துக்கு எத்தனை முறை போக வாய்ப்பு, இரண்டையும் பெருக்கு. பத்து லட்சம் இழப்பு, பத்து வருடத்துக்கு ஒருமுறை நேரலாம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம். அதைத் தடுக்க வருடத்துக்கு இரண்டு லட்சம் செலவழிப்பது வீண். 2002-ல் மேரிலேண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் லாரன்ஸ் கார்டனும் மார்ட்டின் லோபும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் ஆராய்ந்த வகைகளில், எதிர்பார்க்கும் இழப்பில் சுமார் 37 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவிடுவது லாபம் தராது என்று கணித முறையில் காட்டினார்கள். ஆக, மேலாளரின் அப்பா சொன்ன பழமொழிக்குப் பேராசிரியர்களின் ஆதரவும் இருக்கிறது.

பெருக்கலில் பிழை வருவது அபூர்வம். முதல் கட்டத்தில், 'பொருளின் மதிப்பு' என்ற இடத்தில், என்ன எண்ணை எழுதுகிறோம் என்பதில்தான் பிழை வருகிறது. ஹாலிவுட்டில் நடந்த ஒரு கதையை இதற்காகவே எடுத்து வைத்திருந்தேன்.

2005 நவம்பரில் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்துக்கு ஓர் ஆடிட்டர் வந்தார். யார் எதைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு தளர்வாக இருக்கிறது, ஊழியர்களின் பாஸ்வேர்டுகள் எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று குறை சொன்னார். நீங்கள் வங்கியாக இருந்தால் இந்நேரம் கடையை மூடியிருப்பீர்கள் என்கிற அளவுக்குப் பேசினார். பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி எதிர்வாதம் வைத்தார். கடினமான பாஸ்வேர்ட் கேட்டால் ஊழியர்கள் அதைச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவிடுவார்கள் என்றார். ஆடிட்டர் சமாதானமானார். அந்தக் குறைகள் சட்ட மீறலாகப் பதிவாகவில்லை.

இதை அந்த அதிகாரியே 2007-ல் சிஐஓ என்ற பத்திரிகைக்கு வெளிப்படையாகச் சொன்னார். அதே பேட்டியில் ஓர் உதாரணமும் வந்தது. கிரெடிட் கார்டு விவரங்கள் இருக்கும் பழைய தரவுத்தளத்தைப் பலப்படுத்த 1 கோடி டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அது களவு போனால் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்பும் செலவு 10 லட்சம் டாலர். 10 லட்சத்தைக் காப்பாற்ற 1 கோடி போட மாட்டேன், இடரை ஏற்றுக்கொள்வதே முறையான வணிக முடிவு என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதி அவரை மட்டும் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. பாஸ்வேர்ட் விஷயத்தில் அவர் சொன்னதில் உண்மை உண்டு. 2017-ல் அமெரிக்கத் தர நிறுவனமே, பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்தாக வேண்டும் என்று மக்களை வற்புறுத்தாதீர்கள் என வழிகாட்டியை மாற்றியது. ஆனால் அந்த இரண்டாவது உதாரணத்தை இன்னொரு முறை படியுங்கள். வாடிக்கையாளர்களின் கார்டு விவரத்துக்கு அங்கே போடப்பட்ட மதிப்பு, அவர்களுக்குக் கடிதம் அனுப்பும் செலவு. கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கிக்கும் போலீஸுக்கும் அலையும் அலைச்சலுக்கு அந்தத் தராசில் தட்டே இல்லை.

2014 நவம்பர் 24 காலை, சோனி பிக்சர்ஸ் ஊழியர்களின் திரைகளில் ஒரு மண்டை ஓடு தோன்றியது. கணினிகள் அழிந்தன. காகிதமும் பேனாவும் கொண்டு வேலை நடந்தது. மூலையில் கிடந்த பழைய பிளாக்பெர்ரி போன்களைத் தேடி எடுத்தார்கள். வெளியாகாத படங்கள், சம்பளப் பட்டியல், அதிகாரிகளின் மின்னஞ்சல்கள், சுமார் 47,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் இணையத்துக்கு வந்தன. அவர்களில் வேலையை விட்டுப் போனவர்களும் இருந்தார்கள். வட கொரியத் தலைவரைக் கொல்வதாகக் கதை பின்னிய ஒரு நகைச்சுவைப் படமே இதற்குக் காரணம் என்று பேசப்பட்டது. தாக்கியது வட கொரியா என்று எஃப்பிஐ டிசம்பர் 19 அன்று அறிவித்தது. விசாரணைக்கும் சீரமைப்புக்கும் அந்த நிதியாண்டில் 3.5 கோடி டாலர் ஆகும் என்று நிறுவனம் கணித்தது. ஊழியர்கள் தொடுத்த வழக்கு 80 லட்சம் டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்தது. ஸ்டுடியோ தலைவர் ஏமி பாஸ்கல் பதவி விலகினார்.

வந்தவர்கள் கார்டு எண்களுக்காக வரவில்லை. எந்தச் சொத்துப் பதிவேட்டிலும் விலை போடப்படாத பழைய மின்னஞ்சல்கள்தான் அவர்களுக்குப் பொக்கிஷம். நம் பொருளுக்கு நாம் ஒரு விலை வைக்கிறோம், திருட வருகிறவர் வேறொரு விலை வைக்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது விலை ஒன்றும் உண்டு, அது மற்றவர்களுடையது. அதைப் புரியவைக்கக் கணினிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1944 ஜனவரி, போர்க்கால நெரிசலில் இருந்த நியூயார்க் துறைமுகம். அன்னா சி என்ற சரக்குப் பார்ஜ், கட்டவிழ்ந்து மிதந்து போய் ஒரு டேங்கர் கப்பலில் மோதியது. கப்பலின் சுழலி அடியில் ஓட்டை போட்டது. இழுவைப் படகுகள் பம்புகளோடு பக்கத்திலேயே இருந்தன. தண்ணீர் ஏறுகிறது என்று குரல் கொடுக்க பார்ஜில் ஆள் இல்லை. காவலாள் முந்தைய நாள் மாலையே கரைக்குப் போயிருந்தார். அரசாங்கத்துக்குச் சொந்தமான மாவு மூட்டைகளோடு அது மூழ்கியது. 1947-ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி லர்னட் ஹேண்ட் அதே பெருக்கலைத்தான் போட்டார்: காவலாளை வைத்திருக்கும் சுமை, விபத்தின் வாய்ப்பையும் சேதத்தின் அளவையும் பெருக்கினால் வருவதைவிடக் குறைவு என்றால், வைக்காதது கவனக்குறைவு. அவிழ்ந்த பார்ஜ் பிறருடைய படகுகளுக்குச் செய்யும் சேதத்திலிருந்து தொடங்கித்தான் அவர் அந்தக் கணக்கைக் கட்டினார். முதலாளியின் பார்ஜ் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே.

நம் நாட்டிலும் சட்டம் அந்தத் திசையில் வருகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்கு வருகிறேன். மேலாளரிடம் வாதம் செய்யவில்லை. அதைத் திறந்து காட்டச் சொன்னேன். அறுநூறு சொச்சம் தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வருகைக்காக எடுத்த கைரேகைப் பதிவு. அஞ்சாயிரம் ரூபாய் பெட்டிக்குள் இருந்தது இதெல்லாம். கசிந்துவிட்டால் அந்தத் தொழிலாளிக்குப் புதுக் கைரேகை எங்கிருந்து வரும்?

அதற்காக நாலு லட்சத்தை அன்றே எடுத்து வை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தொழில் நடத்துகிறவருக்கு நாலு லட்சம் என்பது நாலு லட்சம்தான். ஆனால் சுமைகூலியைக் குறைக்க வழி இருந்தது. அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து, தனி நெட்வொர்க்கில் போட்டோம். பாஸ்வேர்டை மாற்றி இரண்டு பேரிடம் மட்டும் கொடுத்தோம். பேக்கப்பை என்க்ரிப்ட் செய்து வைத்தோம். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. பழைய விண்டோஸை மாற்றும் வேலை மட்டும் பாக்கி. அதற்கு, இடரை ஏற்கிறேன், ஆறு மாதத்துக்குள் மாற்றுவேன் என்று எழுதி மேலாளர் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். எழுத்தில் இல்லாத ஒப்புதலை நான் ஏற்பதில்லை, தேதி இல்லாததையும்.

பொருளைக் குறைப்பதும் ஒரு வழி. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்குகளை விட்டுவிட்டு, வேலையை விட்டுப் போனவர்களின் நகல்களை அழிக்கலாம் என்றேன். காசு செலவில்லாத வேலை. எழுத்தர் ஒவ்வொரு பெயராகப் படித்தார், மேலாளர் தலையசைத்தார். ஒரு பெயரில் அவர் கையை உயர்த்தினார்.

"நில்லுங்க. டர்னிங் செக்‌ஷன்ல இருந்தவர். போன வருஷம் தவறிட்டார் சார். சாவுக்கு நான் போயிருந்தேன்."

கொஞ்ச நேரம் திரையில் இருந்த ஆதார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதை நானே அழிக்கிறேன் என்று மவுஸை வாங்கிக்கொண்டார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: வங்கதேச மத்திய வங்கியின் பத்து டாலர் ஸ்விட்சும், காணாமல்போன 8.1 கோடி டாலரும்.